முப்பத்தோராண்டுக் காத்திருப்பு

தட்பவெப்ப மாற்றம் குறித்த உலக மாநாடுகள் ஆண்டுதோறும் கூடுகின்றன. ஆயினும் அவற்றின் முடிவுகள் ஆமை நடையில் வருவதேன்? தலைவர்களின் மனப்போக்கில் மட்டும் காரணத்தைத் தேடுவது போதாது. பேச்சுவார்த்தையின் அமைப்பிலேயே அது பொதிந்திருப்பதை ஒரு கோரிக்கையின் வரலாறு நமக்கு உணர்த்தும்.

1989 நவம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் சிறு தீவு நாடுகள் கூடி, கடல்மட்ட உயர்வு பற்றி முறையிட்டன. மாலத்தீவு நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரங்கூட இல்லாதது. மறு ஆண்டில் தீவு நாடுகளின் கூட்டணி உருவாயிற்று. அதன் சார்பில் வனுவாட்டு 1991இல் ஒரு திட்டத்தை முன்வைத்தது: கடல் உயர்வால் நேரும் இழப்பை ஈடுசெய்யப் பன்னாட்டுக் காப்பீட்டு நிதியம் வேண்டும், அதற்குரிய பணத்தைச் செல்வ நாடுகள் செலுத்த வேண்டும். 1992இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையில் அந்நிதியம் இல்லை. 'காப்பீடு' என்னும் சொல் மட்டும் இடம்பெற்றது.

1995இல் பெர்லினில் கூடிய முதல் மாநாட்டிலும் வாக்கெடுப்பு விதியில் இணக்கம் ஏற்படவில்லை. பெரும்பான்மை வாக்கால் முடிவெடுப்பதை எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் எதிர்த்தன. அவ்விதி இன்றளவும் ஏற்கப்படாமையால், முக்கிய முடிவுகள் கருத்தொருமிப்பாலேயே எடுக்கப்படுகின்றன. இம்முறை எளியோருக்கும் கேடயமாகும்: 2009இல் கோபன்ஹேகனில் வல்லரசுகள் வகுத்த உடன்பாட்டைத் துவாலு போன்ற நாடுகள் மறுத்தமையால், மாநாடு அதனைக் 'கவனத்திற் கொண்டது', ஏற்கவில்லை. ஆனால் அதே கேடயம் வலியோர் கையிலும் உண்டு.

2013இல் வார்சாவில் 'இழப்பும் சேதமும்' பற்றி ஆராய ஓர் அமைப்பு பிறந்தது; நிதி பிறக்கவில்லை. 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு இழப்பை ஒப்புக்கொண்டது. எனினும் அது சட்டப் பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்று உடன்வந்த தீர்மானம் வரையறுத்தது. எகிப்தின் ஷர்ம் அல்-ஷேக் நகரில் 2022இல்தான் நிதியம் அமைக்க முடிவாயிற்று. 2023இல் துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே அதன் செயல்முறைக்கு ஒப்புதல் கிடைத்தது. அம்மாநாட்டில் வாக்களிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். அதுவும் கடமையாகத் தரப்படுவதன்று. விரும்பித் தரும் உதவியே.

1991இல் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 356 பங்காக இருந்த கரியமிலவாயு, 2022இல் 418ஐ எட்டியிருந்தது. சொற்களுக்காக நாடுகள் காத்திருக்கலாம்; கடல் காத்திருக்கவில்லை. அனைவரின் இசைவையும் வேண்டும் முறை நீடிக்கும்வரை, காலத்தாழ்வின் விலையை அதற்குக் காரணமல்லாதோரே முதலில் செலுத்துவர் என்பதை நாம் மறத்தலாகாது.