செத்துப் பிழைத்தவர்கள் கண்டது எமலோகமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

"எமதூதர் வந்து இழுத்துட்டுப் போனாங்க. அங்க ஏட்டைப் பார்த்துட்டு, ஆள் மாறிப் போச்சு, கொண்டுபோய் விடுங்கன்னு சொல்லிட்டாங்க." இலுப்பூர் பக்கம் வயசானவங்ககிட்ட பேச்சுக் கொடுத்தால் இப்படி ஒரு கதை வரலாம். சிரிச்சுட்டுப் போயிட வேண்டாம். இந்த மாதிரி அனுபவங்களை விஞ்ஞானிகளே பதிவு செய்திருக்கிறார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சத்வந்த் பஸ்ரிச்சாவும், அமெரிக்க மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனும் வட இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களைத் திரட்டி 1986-ல் வெளியிட்டனர். பலர் சொன்னது ஒரே கதைதான்: தூதர்கள் வந்தார்கள், கணக்கு தப்பாகிவிட்டது, திருப்பி அனுப்பினார்கள். எமலோகத்திலும் கிளார்க் தப்பு நடக்கும்போல!

அமெரிக்காவில் 1975-ல் ரேமண்ட் மூடி எழுதிய புத்தகத்தில் வருவது வேறு. இருண்ட சுரங்கம், பேரொளி, இறந்துபோன சொந்தக்காரர்கள். அனுபவம் இரண்டு பக்கமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு உருவம் கொடுப்பது அவரவர் வளர்ந்த ஊர் என்றுதான் தோன்றுகிறது.

இதயம் நின்ற பிறகும் நினைவா?

மருத்துவர் சாம் பார்னியாவின் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். மருத்துவமனையில் இதயம் நின்றுபோன 567 பேரில் 53 பேர் பிழைத்தனர். பேச முடிந்த 28 பேரில் 11 பேருக்கு அந்த நேரத்து நினைவுகள் ஏதோ ஒருவகையில் இருந்தன. சிகிச்சையின்போது டேப்லெட்டில் படம் காட்டி, ஹெட்போனில் பழங்களின் பெயர்களையும் ஒலிக்க விட்டார்கள். படத்தை ஒருவரும் சொல்லவில்லை. பழப் பெயர்களை ஒரே ஒருவர் சொன்னார்.

அதே ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட 4 நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்த்தது. இருவருக்குக் கடைசி நேரத்தில் காமா அலைகள் திடீரென எகிறின. விழிப்போடு தொடர்புள்ள அலைகள் இவை. அவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்க வழியில்லை, இருவரும் இறந்துவிட்டனர்.

உணர்வு என்பது மூளையின் வேலை மட்டும்தானா என்ற கேள்விக்கு இதெல்லாம் முடிவான பதில் இல்லை. ஒன்று மட்டும் தெளிவு: இதயம் நிற்பது வேறு, மூளைச்சாவு வேறு. திரும்பி வந்து கதை சொன்னவர்கள் யாரும் மூளைச்சாவு அடைந்தவர்கள் அல்ல.

பார்னியா ஆய்வில், மார்பை அழுத்தும் முதலுதவி (சிபிஆர்) நடக்கும்போது 35 முதல் 60 நிமிடம் வரைகூட சிலரின் மூளையில் அலைகள் திரும்பத் தெரிந்தன. அதனால் வீட்டில் ஒருத்தர் சுருண்டு விழுந்து, அசைவும் மூச்சும் இல்லை என்றால், "உயிர் போயிருச்சு" என்று கையைக் கட்டி நிற்காதீங்க. உடனே 108-க்கு போன் போடுங்க. இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போய்ச் சேரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக, அழுத்தமாக அமுக்கிட்டே இருங்க.