ஆங்கில எழுத்துக்கூட்டலும் தமிழ்ப் புணர்ச்சியும்: உடப்புப் பிள்ளைகளை முன்வைத்து ஒரு நோக்கு

புத்தளம் மாவட்டக் கரையோரத் தமிழ்க் கிராமமான உடப்பு, கரைவலைத் தொழிலாலும் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பாலும் பலரறிந்தது. அங்குள்ள பிள்ளைக்குத் தமிழ் வீட்டுமொழி; சிங்களம் அயல்மொழி; ஆங்கிலமோ பெரும்பாலும் பாடப்புத்தகத்தின் வழியே மட்டும் வந்து சேரும் மொழி. இம்மூன்றாவது மொழியின் எழுத்துக்கூட்டலை அப்பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது என்பது வெறும் வகுப்பறை நுட்பம் சார்ந்த வினா அன்று.

1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின்னர் ஆங்கிலம் இந்நாட்டில் உத்தியோகத்தின் வாயிலாயிற்று. கட்டணம் செலுத்த இயன்றோரின் பிள்ளைகளே அதனைப் பெரிதும் பெற்றனர். 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரும் அவ்வேற்றுமை முற்றாக அகலவில்லை. சிங்களப் பேச்சு வழக்கில் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், எனச் சுட்டுவது இவ்வர்க்க அனுபவத்தின் வெளிப்பாடேயாகும். வீட்டிலே ஆங்கில நூல்களுடன் வளரும் பிள்ளை எழுத்துக்கூட்டலைக் கண்ணாற் பழகிக்கொள்கிறது. அவ்வாய்ப்பற்ற பிள்ளைக்கு விதியும் விளக்கமுமே துணை. ஆதலின், ‘ஆங்கில எழுத்துக்கு ஒழுங்கில்லை, மனனம் செய்க’ என்னும் கூற்று நடைமுறையில் ஏற்கெனவே வாய்ப்புடையோருக்கே சாதகமாகிறது.

ஒழுங்கு உண்டு. அதன் பெரும்பகுதி தமிழ்ப்பிள்ளை அறிந்ததற்கு அண்மையானது. மூன்று இடங்களை நோக்குவாம்.

முதலாவது, இரட்டித்தல். தனிக்குறிலை அடுத்து நின்ற மெய், உயிர் வரின் இரட்டும் என்பது நன்னூலார் கூறும் விதி. கல் என்பது ‘இல்’ உருபேற்றுக் கல்லில் ஆகும். கால் காலில் ஆகும். கடல் கடலில் ஆகும். ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘இங்’ ஈறு சேர்கையில் ‘என்’ எழுத்தை இரட்டிக்கிறது. ‘ஓப்பின்’ இரட்டிப்பதில்லை. ஆயின் இரு வேறுபாடுகள் மனங்கொள்ளத்தக்கவை. தமிழில் இரட்டிப்பு செவியிற் படுவது. ஆங்கிலத்தில் அது முன்னுள்ள உயிர் குறுகியது எனக் காட்டும் எழுத்தடையாளம் மட்டுமே. மேலும், ‘பிகின்’ என்பதில் அழுத்தம் ஈற்றசையில் விழுவதால் அஃது ஈரசைச் சொல்லாயினும் இரட்டிக்கும். அழுத்த விதி தமிழில் இல்லாமையால் இதனைத் தனியே கற்பித்தல் வேண்டும்.

இரண்டாவது, ஈறு கெடுதல். காசு என்பதன் குற்றியலுகரம் ‘ஐ’ வரக் கெட்டுக் காசை ஆகிறது. ‘கள்’ வர நிலைத்துக் காசுகள் ஆகிறது. நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஹோப்’ என்பதன் ஈற்றில் ஒலியாது நிற்கும் ‘ஈ’ எழுத்தும் அவ்வாறே ‘இங்’ வரக் கெடும். ‘ஃபுல்’ வர நிலைக்கும். விதிவிலக்குகள் சில உளவேனும் அவை விதியைப் பொய்யாக்குவனவல்ல.

மூன்றாவது, ஓரெழுத்துப் பல்லொலி. பாம்பு என்னும் சொல்லில் முதற் பகரமும் இரண்டாம் பகரமும் ஒலியால் வேறு, எழுத்தால் ஒன்று. சூழலே ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆங்கில இறந்தகால ஈறான ‘ஈ டி’யும் அத்தகையதே. குரலற்ற ஒலியின் பின் அது வன்மையாகவும், குரலொலியின் பின் மென்மையாகவும், ‘ரீ’, ‘டி’ ஒலிகளின் பின் தனியசையாகவும் ஒலிக்கும். ஒலி மூன்றாயினும் இலக்கணப் பொருள் ஒன்றாதலின் எழுத்தும் ஒன்றாயிற்று.

‘ஸ்ரேஷன்’, ‘நேஷன்’ போன்றவற்றின் ஈறு இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘ஷன்’ என ஒலித்தும் அது ‘ரீ ஐ ஓ என்’ என எழுதப்படுவதற்கு அவ்வரலாறே காரணம். ‘அக்ட்’ என்பதற்கும் ‘அக்‌ஷன்’ என்பதற்கும் உள்ள உறவை ஒலி மறைக்க, ‘ரீ’ எழுத்துக் காட்டிநிற்கிறது. 1476இல் கக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பின்னர் எழுத்து படிப்படியாக நிலைபெற, ஒலி மாறிச் சென்றது. எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான முரண்பாடு இவ்வாறு வரலாற்றின் விளைவேயன்றி மாணவனின் மந்தபுத்தியால் நேர்ந்ததன்று.

எனவே, விதியை முதலிற் கூறி மனனம் செய்விப்பதிலும், கல்லில் – காலில் என்னும் இணையையும் அதற்கொத்த ஆங்கிலச் சொற்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, வேறுபாட்டைப் பிள்ளைகளே கூறச் செய்தல் பொருத்தமானது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இணைந்து இத்தகைய சொற்பட்டியல்களை ஆக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தன் தாய்மொழியறிவு தடையன்று, கருவியே என்பதை உடப்புப் பிள்ளை உணருமாயின், வாள் எனப்பட்டது அதன் கைக்கும் எட்டும்.