இந்தக் கம்பி யாருடையது?

கண்டியிலிருந்து தலாத்துஓயாவுக்குச் செல்லும் வீதி அம்பிட்டியவை நோக்கி மேலேறுகையில், வளைவுக்கு வளைவு ஒரு கம்பம் நின்று நம்மை எதிர்கொள்கிறது. மழை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில் நாம் அவ்வழியே நடந்து வந்துகொண்டிருந்தோம். உடன் வந்த மாணவர் ஒருவர், மரக்கிளையில் சிக்கித் தலையுயரத்துக்குத் தாழ்ந்து தொங்கிய கரிய கம்பி ஒன்றைக் கண்டு விலகி நின்று, "சேர், இந்தக் கம்பி யாருடையது?" என்று வினவினார்.

மின்சாரக் கம்பியா, தொலைபேசிக் கம்பியா, இணையக் கம்பியா, அன்றி எந்நாளோ கைவிடப்பட்ட வெறுங்கம்பியா? நமக்கு விடை தெரியவில்லை. கல்லூரியிலே பாடஞ் சொல்லும் நமக்கு அச்சிறு வினா பெரிய நாணத்தை அளித்தது. வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை.

ஒரு கம்பம், பல குடித்தனம்

வீதிக் கம்பத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் அண்ணாந்து நோக்குவதில்லை. அதன் உச்சி மின்சாரத்துக்கு உரியது. சில கம்பங்களில் 11,000 அல்லது 33,000 வோல்ட் அழுத்தமுள்ள கம்பிகள் செல்லும். நமது வீடுகளுக்கு 230 வோல்ட் தரும் கம்பிகள் அவற்றுக்குக் கீழே அமையும். அதன் கீழ் வேண்டுமென்றே விடப்பட்ட வெற்றிடம் ஒன்று உண்டு. தொலைபேசி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் கம்பிகள் அவ்வெற்றிடத்துக்குக் கீழேதான் இடம்பெறலாம். கீழே நின்று வேலை செய்பவனின் தலையும் கையும் மின்சாரத்தைத் தீண்டாதிருத்தற்கென வகுக்கப்பட்ட எல்லை அது. அமெரிக்க நாட்டு விதிகள் இதனைப் பொதுவாக 40 அங்குலம் எனக் கணக்கிட்டுள்ளன.

"இணையக் கம்பியில் ஒளிதானே செல்கிறது, அதனால் என்ன தீங்கு?" என்று சிலர் கேட்கலாம். ஒளியிழையில் மின்சாரம் இல்லை என்பது மெய்யே. ஆயினும் அவ்விழையைத் தாங்குதற்குப் பல இடங்களில் உருக்குக் கம்பி ஒன்று உடன் செல்லும். மேலேயுள்ள மின்கம்பி அறுந்து அதன்மேல் வீழ்ந்தால், அந்த உருக்குக் கம்பி மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்ல வல்லது.

பாரமும் ஒரு பொருட்டே. நேரான வீதியில் இருபுறத்துக் கம்பிகளும் கம்பத்தைச் சமமாக இழுக்கின்றன. அம்பிட்டிய வீதி போன்ற மலைவழியில், வளைவில் நிற்கும் கம்பத்தை எல்லாக் கம்பிகளும் உட்புறமாகவே இழுக்கும். ஒவ்வொரு புதிய கம்பியும் அவ்விழுப்பைக் கூட்டும். காற்று வீசுகையில் அது பின்னும் மிகும். இடங்கொடுத்தால் மடம் பிடுங்கும் என்னும் பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

கம்பம் பிறந்த கதை

1843ஆம் ஆண்டில் மோர்ஸ் என்னும் அறிஞர் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி அமைக்க முற்பட்டபோது, முதலில் கம்பியை நிலத்தினுள்ளேதான் புதைத்தார். அம்முயற்சி பழுதாயிற்று. அதன் பின்னரே மரக்கம்பங்களை நட்டு அவற்றின் மீது கம்பியைக் கொண்டு சென்றார். நமது நாட்டிலும் 1858ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடியது.

ஒரே தந்திக் கம்பி சென்ற காலத்தில் உரிமை பற்றிய வழக்கு எழவில்லை. நியூயார்க் நகரிலே தந்தி, தொலைபேசி, விளக்கு என்று பற்பல நிறுவனங்களின் கம்பிகள் வானத்தை மறைத்தபோது இடர் விளைந்தது. 1889ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், ஜோன் ஃபீக்ஸ் என்னும் தொழிலாளி, பயனற்ற கம்பிகளை நீக்குதற்காகக் கம்பத்தில் ஏறினார். தந்திக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இராது என்று நம்பிய அவர், அவற்றில் ஒன்றைத் தொட்டார். வேறெங்கோ ஓரிடத்தில் விளக்கு நிறுவனத்தின் கம்பி அதனோடு உராய்ந்திருந்தது. நண்பகல் வேளையில் ஊரார் பார்த்திருக்க அவர் கம்பிகளின் நடுவே மாண்டார். அதன் பின்னர் நகரத்தார் பின்னும் விழித்தெழுந்து கம்பங்களை வெட்டி வீழ்த்தினர்.

நம் மாணவர் கேட்ட வினாவுக்கு விடையில்லாமையே அத்தொழிலாளியின் உயிரைக் கொண்டது.

அனுமதி என்பது என்ன?

கம்பத்தில் ஒரு கருவியையோ கம்பியையோ பொருத்த விரும்பும் நிறுவனம், எந்தெந்தக் கம்பம், என்ன கருவி, எவ்வளவு பாரம், எந்த உயரம் என்பவற்றை வரைபடத்துடன் விண்ணப்பித்தல் வேண்டும். கம்பத்துக்கு உரியவர் நேரிற் சென்று அதன் வலிமையை ஆராய்வர். இடம் போதாவிடின் பழைய கம்பிகளை மேலோ கீழோ நகர்த்த வேண்டும். கம்பம் தாங்காதெனின் புதியது நட வேண்டும். செலவை விண்ணப்பித்தவரிடமிருந்து பெற்று, உடன்படிக்கை செய்து, வேலை முடிந்தபின் சோதித்துப் பார்ப்பர்.

இதிலுள்ள சிக்கல் யாதெனில், கம்பம் ஒருவருடையதாகவும், அது நிற்கும் வீதி மற்றொருவருடையதாகவும் இருப்பதே. இலங்கையில் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவோர் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். எனினும் அவ்வுரிமம் பிறருடைய கம்பத்தில் ஏறும் உரிமையாகிவிடாது. மேலும் கண்டி நகரம் 1988ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற புனித நகரம். இங்கே வானத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பியும் கண்ணுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதாகிறது.

இருபக்க நியாயம்

அனுமதி தாமதித்தால் யாருக்கு இழப்பு? பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டில், ஊவா மாகாணத்து மலைக் கிராமமொன்றின் மாணவர் இணைய வகுப்புக்காகக் காடு கடந்து மலையுச்சிக்கு ஏறிய செய்தியை உலகமே படித்தது. அத்தகைய பிள்ளைக்குக் கம்பத்தில் செல்லும் ஓர் ஒளியிழை பள்ளிக்கூட வாயிலுக்கு நிகர்.

அமெரிக்காவிலே 1978ஆம் ஆண்டுச் சட்டம் கம்ப வாடகைக்கு நியாயம் வகுத்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கம்பியை நகர்த்தத் தனித்தனியே ஆள் அனுப்பித் திங்கள்களைக் கழித்தமையால், எளிய வேலைகளில் எல்லாக் கம்பிகளையும் ஒரே குழுவினர் ஒரே முறையில் நகர்த்தலாம் என 2018ஆம் ஆண்டில் விதி செய்தனர். இந்தியாவிலே 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வீதிக் கம்பங்களில் சிறு அலைக்கருவி பொருத்துதற்கு நகர்ப்புறத்தில் ஆண்டுக்கு 300 ரூபாவும் நாட்டுப்புறத்தில் 150 ரூபாவும் என்று கட்டணத்தை வரையறுத்தது.

அனுமதியின்றி நடந்தால் என்னாகும்? 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஐதராபாத்தின் ராமந்தாப்பூர்ப் பகுதியில் கிருஷ்ண ஜயந்தி ஊர்வலத்திலே தேர் மின்கம்பியைத் தொட்டு ஐவர் உயிர் நீத்தனர். அதன் பின்னர் மின்சாரத் துறையினர் கம்பங்களில் தொங்கிய இணையக் கம்பிகளை வெட்டித் தள்ளினர். வீடுகளில் இணையம் அற்றது. வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது. பெரஹராவும் தேரும் வீதியுலா வரும் கண்டியில் வாழும் நமக்கு இது அயலூர்ச் செய்தியன்று.

அனுமதி இருந்தும் ஊராருக்கு விளக்கம் இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 2019ஆம் ஆண்டில் அங்கே 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பங்கள் நடப்பட்டபோது, ஐந்தாம் தலைமுறை அலைக்கருவிகள் வருமோ என்று ஐயுற்ற மக்கள் திரண்டு எதிர்த்தனர். மேசையில் இட்ட கையொப்பம் தெருவில் வாழ்பவரின் ஐயத்தைத் தீர்க்கவில்லை.

மாணவருக்குச் சொல்ல வேண்டிய விடை

ஆகவே அனுமதியைத் தடைக்கல் என்று வெறுப்பதும் தவறு. அதனைத் தாமதத்துக்குப் போர்வையாக்குவதும் தவறு. விண்ணப்பத்துக்குக் காலவரை இருக்கட்டும். கட்டணம் யாவரும் அறிய இருக்கட்டும். ஒவ்வொரு கம்பத்திலும் இலக்கமும், ஒவ்வொரு கம்பியிலும் உரியவர் பெயரும் தொங்கட்டும். பயனற்றதைக் கட்டியவரே கழற்றட்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

தொங்கும் கம்பியைக் கண்டால், அது எதுவாயினும் உயிருள்ளதென்றே கொண்டு விலகி நின்று, கம்பத்தின் இலக்கத்தைக் குறித்து மின்சார அலுவலகத்துக்கு அறிவிப்பதே முறை என்று வீட்டிலுள்ள சிறுவர்க்கும் சொல்லி வைப்போம். அன்று நம் மாணவர் விலகி நின்றார், நன்று செய்தார். "இது இன்னாருடையது" என்று அடுத்த முறை அக்கம்பியே அவருக்கு விடை சொல்லுமாயின், அதுவே நல்ல நகராட்சிக்கு அடையாளம்.