ஒருமுறை எழுதினால் போதும்

ஒரே மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் தெரியும் பெயரையும் பிறந்த தேதியையும் பார்த்துப் பார்த்து மற்றொன்றில் தட்டச்சு செய்கிறார் ஆவணப் பணியாளர். 3-7 என்பது 7-3 ஆகிவிட்டால், ஒரே நோயாளி இரண்டு பேராகிவிடுவார்.

முதல் திரை, மருத்துவமனைத் தகவல் அமைப்பு: சேர்க்கை, படுக்கை, பில் எல்லாம் அதில். இரண்டாவது, புற்றுநோய்க்கு என்றே தனியாக உள்ள ஆவண மென்பொருள். பில் போட "மார்பகப் புற்றுநோய்" என்ற பெயர் போதும், சிகிச்சைக்குப் போதாது. கட்டி மார்பகத்தின் மேல் வெளிப்பக்கத்தில் என்றால் அதன் குறியீடு சி50.4. பால் நாளத்தில் தோன்றி வெளியே ஊடுருவியது என்றால் 8500/3. கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்கள், பிற உறுப்புகளில் பரவல் மூன்றையும் டிஎன்எம் குறியீடு சொல்லும். பல ஆண்டு கழித்து நோய் திரும்பினாலும் அதே தொடரில் பதிய வேண்டும். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் உருவான புற்றுநோய் ஆவண அமைப்பு இத்தகையது.

இந்த இரண்டு மென்பொருள்களையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் பொதுமொழி எச்எல்7. இதை வகுக்கும் அமைப்பு 1987இல் தொடங்கியது. நோயாளியைச் சேர்த்ததும் "ஏ01" என்ற செய்தி கிளம்பும். பெயர், பிறந்த தேதி, நோயாளி எண் ஆகியவை செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்டு அதில் இருக்கும். மறுபக்க மென்பொருள் அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஒருவருக்கே இரண்டு எண்கள் கொடுத்திருப்பது பிறகு தெரியவந்தால், இரண்டையும் சேர்க்கச் சொல்லும் செய்தி "ஏ40". அதைக் கவனிக்காத இணைப்பில் ஒரு கட்டி இரண்டு கட்டியாக எண்ணப்படும்.

எல்லாம் தானாக நடந்துவிடாது. திசுப் பரிசோதனை அறிக்கை பெரும்பாலும் உரைநடையில்தான் வரும். அதைப் படித்துக் குறியீடாக்க, பயிற்சி பெற்ற கண் வேண்டும். தட்டச்சில் மிச்சமாகும் நேரம் அந்த வேலைக்குப் போகட்டும்.

இணைப்பு ஒருவழிப் பாதையாகவும் இருக்கக் கூடாது. ஆவணத்தில் பதிந்த நோய்நிலை, வார்டில் மருத்துவர் பார்க்கும் திரைக்குத் திரும்பி வர வேண்டும். அதே பதிவு புற்றுநோய்ப் பதிவேட்டுக்கும் போகலாம். ஜெர்மனியில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலந்தோறும் மருத்துவப் புற்றுநோய்ப் பதிவேடுகளை அமைக்கச் சொன்னது.

புதிய மென்பொருள் வாங்கும் மருத்துவமனைகள் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது: "உங்கள் மென்பொருள் தகவலை வாங்கிக்கொள்ளும், சரி, திருப்பித் தருமா?"