திரைக்கேற்ப அமையும் இணையப்பக்கம்

அச்சுநூலொன்றின் பக்க அளவை நிச்சயிப்பவன் அச்சிடுவோன். தாளின் நீள அகலமும் எழுத்தின் பருமனும் அவனால் ஒருமுறை வரையறுக்கப்பட்டபின், அந்நூல் எவர் கையிற் சேரினும் மாறாது. இணையப்பக்கத்தின் இயல்போ இதனின் முற்றிலும் வேறானது. அதனை ஆக்குவோன் அனுப்புவன எழுத்தும் படமும், அவற்றை அடுக்கும் முறைபற்றிய விதிகளுமேயாம். இறுதி வடிவத்தைக் கொடுப்பது வாசிப்போன் கையிலுள்ள கருவி. அஃது அகன்ற மேசைக்கணினியாகலாம். உள்ளங்கையில் அடங்கும் கைத்தொலைபேசியாகலாம். பார்வை குன்றிய முதியவரொருவர் எழுத்துக்களைப் பன்மடங்கு பெருப்பித்துப் படிக்கும் மடிக்கணினியுமாகலாம். இதனை உணராது பக்கம் ஆக்கப் புகுவோர், தம் மேசைமீதுள்ள திரையையே உலகத்தார் அனைவரின் திரையுமாகக் கொண்டு இடர்ப்படுவர்.

இக்குறைபாடு இணையத்தின் பிறப்போடு வந்ததன்று. ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ண் ஆய்வு நிலையத்தில் ரிம் பேணர்ஸ் லீ என்பார் 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை வரைந்தார். 1991இல் முதலாவது இணையத்தளம் வெளிவந்தது. அதன் பக்கங்கள் வெறும் எழுத்தாலும் இணைப்புக்களாலும் ஆனவை. சாளரம் அகன்றால் வரிகள் நீண்டன, ஒடுங்கினால் மடிந்தன. பின்னர் அச்சுத்துறை வழக்கங்களோடு வந்த வடிவமைப்பாளர் பலர், பக்கத்தின் அகலம் இத்துணைப் படப்புள்ளி என வரையறுக்கத் தலைப்பட்டனர். 960 படப்புள்ளி என்பது பெரிதும் கையாளப்பட்ட ஓர் அளவு. இணையத்தின் நெகிழ்ச்சி குறையன்று, அதன் இயல்பே என ஜோன் ஓல்சொப் என்பார் 2000ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். எனினும் பழைய வழக்கம் எளிதில் மாறவில்லை.

2007ஆம் ஆண்டில் ஐபோன் விற்பனைக்கு வந்ததும் இவ்வழக்கத்தின் தீங்கு வெளிப்பட்டது. அக்கருவியின் திரையகலம் 320 படப்புள்ளி. அதன் உலாவியோ, அகன்ற பக்கங்களைச் சிதையாது காட்டும்பொருட்டு, பக்கத்தை 980 படப்புள்ளி அகலமுடையதாகக் கொண்டு அமைத்துப் பின் முழுவதையுஞ் சுருக்கிக் காட்டிற்று. இதனால் 16 படப்புள்ளி உயரமுடைய எழுத்து ஐந்து அளவிற்குக் குன்றிற்று. வாசிப்போன் விரல்களாற் பெருப்பித்தும் இடம் வலமாக நகர்த்தியும் ஒவ்வொரு வரியையும் தேடிப் படிக்க நேர்ந்தது.

இதற்குத் தீர்வாக ஈதன் மார்க்கோட் என்பார் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கட்டுரை வாயிலாக முன்வைத்ததே தகவமை வடிவமைப்பு. அதற்கு உறுப்புக்கள் மூன்று. முதலாவது நெகிழ்கட்டம். 960 படப்புள்ளி அகலமுள்ள பக்கத்தில் 300 படப்புள்ளி கொண்ட பத்தியொன்று இருப்பின், 300ஐ 960ஆல் வகுக்க வருவது 31.25 வீதம். அளவை வீதமாகக் குறித்தால், பக்கம் விரியவுஞ் சுருங்கவும் பத்தியும் உடன் மாறும். இரண்டாவது நெகிழ்படம். படத்தின் அகலம் தன்னைக் கொண்டுள்ள பெட்டியின் அகலத்தை மீறலாகாது என ஒரு விதி எழுதினால், அது திரைக்கு வெளியே நீளாது. மூன்றாவது ஊடக வினா. திரையின் அகலம் இன்ன அளவுக்கு மேற்பட்டதாயின் இன்ன விதியைக் கைக்கொள்க என உலாவிக்கு உரைப்பது இது. இவ்வாறு, கைத்தொலைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் பகுதிகள் அகன்ற திரையில் அருகருகே நிற்கும்.

இம்மூன்றும் பயன்தருதற்கு, பக்கத்தின் தலைப்பகுதியில், அதன் அகலத்தைக் கருவியின் அகலமாகக் கொள்க என்னும் அறிவிப்பு இடம்பெறுதல் வேண்டும். தொடக்கநிலையாளர் பெரும்பாலும் மறப்பது இதனையே. மறப்பின், விதிகள் செம்மையாயிருந்தும் கைத்தொலைபேசி பக்கத்தை அகலமாகக் கொண்டு சுருக்கியே காட்டும்.

சிறு திரைக்கு முதலில் அமைத்துப் பின் பெருந்திரைக்கு விரித்தல் நன்று. சிறு திரையில் அனைத்தையும் ஒருங்கே காட்டவியலாது. எது முதலில் நிற்றல் வேண்டும், எது பின்னே செல்லலாம் என்னும் வினாவுக்கு ஆக்குவோன் விடையிறுத்தே ஆதல் வேண்டும். இடந்தாராதெனக் கருதிச் செய்தியையே கைத்தொலைபேசியில் மறைத்துவிடுதல் தவறு. கைத்தொலைபேசியன்றி வேறு கருவியில்லாதார்க்கு மறைக்கப்பட்டது இல்லாததேயாம்.

இம்முறையாற் பயனடைவோர் கைத்தொலைபேசியினர் மாத்திரமல்லர். 2018இல் வெளிவந்த இணைய அணுகல் நெறிகள், நிலப்படம், அட்டவணை போன்றன ஒழிந்த உள்ளடக்கம் 320 படப்புள்ளி அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாது படிக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும் என விதிக்கின்றன. 1280 படப்புள்ளி அகலமுள்ள திரையை நான்கு மடங்கு பெருப்பித்தால் எஞ்சும் அகலம் அதுவே. ஆகவே சிறு திரைக்கு ஆற்றிய பணி கண்பார்வை குன்றியோர்க்கும் உதவுகின்றது. கரும்பலகையில் எழுதுவோன் கடைசி வாங்கிலிருப்போனுக்குந் தெரியுமாறு எழுதின், முன்வாங்கிலிருப்போனுக்கு அதனால் இழப்பொன்றுமில்லை.

இனி, வருகைப்பக்கம் என்பதை நோக்குதல் தகும். விளம்பரத்தையோ தேடற் பொறியையோ மடலிலுள்ள இணைப்பையோ பற்றிவரும் ஒருவர் முதலில் வந்திறங்கும் பக்கம் அது. தளத்தின் முகப்புப் பல வாயில்களைக் காட்டும். வருகைப்பக்கமோ ஒரு கருமத்தின் பொருட்டே அமைவது. தாம் தேடிவந்தது இதுதானா, இங்கே செய்யவேண்டியது யாது, அதற்கு எவை தேவை என்னும் மூன்று வினாக்களோடு வருவோர் வருகின்றனர். இவற்றுக்கு இவ்வொழுங்கிலேயே விடைதரும் பக்கம் பயனுடையது. தலைப்பு, வந்தவர் அழுத்திய இணைப்பின் சொற்களோடு ஒத்திருத்தல் வேண்டும். செயலுக்குரிய பொத்தான் ஒன்றாயும், அதன்மீதுள்ள சொல் அழுத்தினால் நிகழ்வதைக் கூறுவதாயும் இருத்தல் வேண்டும். படிவத்தில் அக்கருமத்துக்கு இன்றியமையாதவற்றை மாத்திரமே வினவுதல் வேண்டும்.

பிரித்தானிய அரசாங்கம் 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய பொதுத்தளம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் சேவைத் தொடக்கப் பக்கங்களில் அலங்காரப் படங்கள் இல்லை. சேவை யாதென்பதைச் சில வரிகள் கூறும். 'தொடங்குக' என்னும் பச்சைநிறப் பொத்தான் ஒன்று நிற்கும். முன்னரே ஆயத்தஞ் செய்ய வேண்டியன இருப்பின் அவையுங் குறிக்கப்படும். உரிமப் பத்திரம் வேண்டி வருபவர் பக்கத்தின் அழகை வியக்க வந்தவரல்லர் என்பதை அதனை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர்.

படங்களின் பாரமும் கருதற்பாலது. திரையிற் சிறிதாகத் தோன்றும் படம், கோப்பளவிற் பெரிதாயிருப்பின் முழுவதும் இறங்கியே தீரும். அதற்கான தரவுக் கட்டணம் வாசிப்போன் தலையிலேயே விழும். ஆதலின் திரைக்கேற்ற பருமனில் வெவ்வேறு படக்கோப்புக்களை ஆயத்தஞ்செய்து, தக்கதை உலாவியே தெரிய விடுதல் வேண்டும்.

பக்கத்தை வெளியிடுமுன் செய்யவேண்டிய சோதனைகள் எளியன. உலாவிச் சாளரத்தைப் படிப்படியாக ஒடுக்கி, எவ்விடத்து வரி உடைகின்றது, எவ்விடத்துப் படம் மீறுகின்றது எனக் காணலாம். ஊடக வினாவுக்கான எல்லையை ஒரு கருவியின் பெயர்கொண்டன்றி, அவ்விடங்கொண்டே வகுத்தல் சிறந்தது. எழுத்தை இருமடங்கு பெருப்பித்துப் பார்க்கலாம். பழைய கைத்தொலைபேசியொன்றை, பக்கத்தை முன்னர்க் கண்டிராத ஒருவர் கையிற் கொடுத்து, ஒரு சொல்லுங் கூறாது அவர் செய்வதை நோக்கலாம். அவர் தயங்கும் இடமே திருத்தவேண்டிய இடம். அத்தயக்கத்தை அவருடைய அறியாமையென ஒதுக்காது, பக்கத்தின் குறையெனக் கொள்வோனே நல்ல பக்கம் ஆக்கவல்லோன்.