ஒகேனக்கல் பரிசல்

ஒகேனக்கல் பரிசலைச் சுற்றுலா வேடிக்கையாக மட்டும் பார்ப்பது சரியல்ல. ஆசியாவின் பல நீர்நிலைகளில் மனிதர்கள் கண்டடைந்த படகுக்கலை அது. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் கொண்டு அடியை மூடுகிறார்கள். வியட்நாம் மீனவரின் கூடைப்படகும் மூங்கில் பின்னல்தான். திபெத்தில் யாக் எருதின் தோல். ஈராக்கின் டைகிரிஸ் ஆற்றிலோ முன்பு நிலக்கீல் பூசிய வட்டப்படகு.

ஒகேனக்கல்லில் பாறை மண்டிய காவிரிக்குப் பரிசலே பொருத்தம். ஆழமில்லாத நீரிலும் மிதக்கும், ஒரே துடுப்பால் நின்ற இடத்திலேயே திரும்பும், கரையேறியதும் தலையில் கவிழ்த்துச் சுமந்து போகலாம். ஆபத்தாயிற்றே என்பார்கள். ஆபத்து மிகுவது பெருக்கெடுக்கும் வெள்ளத்தில்தான். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிப்பது அதனால்தான். மற்ற நாட்களில் உயிர்காப்பு உடை அணிந்து, சுழியறிந்த பரிசல் ஓட்டியின் சொல்லைக் கேட்டு ஏறுங்கள்.