நாய்மேல் 5, தரையில் 95!



கோடை விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போகிறீர்கள். வீட்டு நாயும் உங்களோடு வருகிறது. ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கிறது. திரும்பி வந்து, கதவைத் திறந்து, உள்ளே கால் வைத்த சிறிது நேரத்தில் கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடி! குனிந்து பார்த்தால் எள்ளைப் போன்ற பழுப்பு நிறப் பூச்சிகள் துள்ளுகின்றன. பிடிக்கப் போனால் அடுத்த கணம் காணோம்.

ஒரு மாதமாக அந்த வீட்டில் நாயும் இல்லை, மனிதரும் இல்லை. இரத்தம் குடித்து வாழும் பூச்சிகள் எப்படி உயிரோடு இருந்தன? இந்தப் புதிருக்கு விடை தெரிந்துவிட்டால், நாய் வளர்க்கும் வீட்டில் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கும் வழியும் தெரிந்துவிடும்.

தெள்ளா, உண்ணியா?

முதலில் எதிரி யார் என்று சரியாக அடையாளம் காண்போம். நாயின் காதிலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு, இரத்தம் குடித்துப் பருத்துத் தொங்குவது உண்ணி. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள்; அது சிலந்தியின் உறவினம். அதற்குத் துள்ளத் தெரியாது.

தெள்ளு ஆறு கால்கள் கொண்ட பூச்சி. சிறகு கிடையாது. நீளம் 2 அல்லது 3 மி.மீ. தான். இரு பக்கமும் அமுக்கினாற்போல் உடல் தட்டையாக இருப்பதால், அடர்ந்த மயிருக்குள் சீப்பின் பல்லைப் போல் நுழைந்து ஓடிவிடும். உலகின் பல பகுதிகளில் நாய்களிடம் மிகுதியாகக் காணப்படுவது எது தெரியுமா? பூனைத்தெள்ளு என்ற வகை! பெயரில்தான் பூனை, நாயென்றால் அதற்குக் கசக்காது.

தெள்ளு சுமார் 20 செ.மீ. தூரம் தாவும். அது தன் உடல் நீளத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு. 150 செ.மீ. உயரமுள்ள நீங்கள் அதே விகிதத்தில் தாவினால், கால்பந்து மைதானத்தை ஒரே பாய்ச்சலில் கடந்துவிடுவீர்கள்! இந்த ஆற்றல் தசையிலிருந்து மட்டும் வருவதில்லை. தெள்ளின் உடலில் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதம் உண்டு. கவணை இழுத்துப் பிடிப்பதுபோல் அதை அமுக்கி வைத்துக்கொண்டு, திடீரென்று விடுவிக்கிறது. 1967இல் பென்னெட்-கிளார்க், லூசி என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள்.

நால்வகை வேடம்

பட்டுப்பூச்சியைப் போலவே தெள்ளுக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சி என்று நான்கு பருவங்கள் உண்டு.

நாயின் மேல் ஏறிய பெண் தெள்ளு, முதல் முறை இரத்தம் குடித்த இரண்டொரு நாளில் முட்டையிடத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 40 முட்டைகள்கூட இடும். பேனின் ஈர் மயிரில் ஒட்டிக்கொள்ளும். தெள்ளின் முட்டை ஒட்டாது. நாய் உடலைச் சிலிர்க்கும்போதும் சொறியும்போதும் உதிர்ந்து தரையில் விழும். நாய் எங்கே படுத்துறங்குகிறதோ அங்கேதான் அதிகமாக விழும்.

முட்டையிலிருந்து வரும் புழுவுக்குக் கால் இல்லை, கண் இல்லை. ஆயினும் வெளிச்சம் அதற்கு ஆகாது. கோணிச் சாக்கின் அடி, தரை வெடிப்பு, கட்டிலின் கீழ் என்று இருட்டைத் தேடிப் போகும். அது கடிப்பதில்லை. பின் எதைத் தின்கிறது? தாய்த் தெள்ளு தன் தேவைக்கு மேல் இரத்தத்தைக் குடித்து எச்சமாக வெளியேற்றுகிறது. அந்த எச்சமும் காய்ந்து உதிர்ந்து முட்டை கிடக்கும் இடத்திலேயே விழுகிறது. அதுவே புழுவின் உணவு.

வளர்ந்த புழு பட்டிழையால் கூடு கட்டுகிறது. பசையுள்ள அக்கூட்டில் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொள்வதால், பக்கத்திலேயே இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. வெப்பமும் ஈரமும் ஏற்றபடி இருந்தால் முட்டை முழுப்பூச்சியாக 3 அல்லது 4 வாரம் போதும்.

புதிர் விடுபடுகிறது

இனித்தான் விந்தை. கூட்டுக்குள் முழு வளர்ச்சி பெற்ற தெள்ளு உடனே வெளியே வரவேண்டும் என்பதில்லை. இரை அருகில் இல்லாவிட்டால், கூட்டுக்குள்ளேயே அசையாமல் காத்திருக்கும். நாள் கணக்கில் அல்ல. சில வேளை மாதக் கணக்கில்! தரை அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வெளிவரும் கரியமிலவாயு, மேலே விழும் அழுத்தம் ஆகியவை அதற்கு அழைப்பு மணி. மணி அடித்ததும் சில நொடிகளில் வெளியே பாய்ந்துவிடும்.

பூட்டிய வீட்டில் நடந்தது இதுதான். கதவைத் திறந்து நடந்தீர்கள், தரை அதிர்ந்தது. ஒரு மாதமாகக் காத்திருந்தவை ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன.

தெள்ளு பிடித்த ஒரு வீட்டை விஞ்ஞானிகள் இப்படிக் கணக்கிடுகிறார்கள்: 100 தெள்ளுகள் இருந்தால், முழுப்பூச்சியாக நாயின் மேல் இருப்பவை ஏறத்தாழ 5. மற்ற 95 முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நாயைச் சுற்றியுள்ள இடங்களில் கிடக்கின்றன. நாம் நாயை மட்டும் குளிப்பாட்டினால், 5ஐ விரட்டி 95ஐ விட்டுவைக்கிறோம்.

"இந்த நாயால்தானே தொல்லை, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவோம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். இந்தக் கணக்கை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். நாய் போனாலும் 95 போகாது. கூட்டிலிருந்து வருபவை நாயைக் காணாமல் நம் கால்களைக் கடிக்கும். பாவம், அந்த நாயும் வீடிழந்து தவிக்கும். யாருக்கும் பயன் இல்லை.

என்ன செய்யவேண்டும்?

ஒன்று: நாய்க்கு மருந்து. பிடரியில் இடும் சொட்டு மருந்து, மாத்திரை என்று பல வகை உண்டு. நாயின் எடை, வயது பார்த்துக் கால்நடை மருத்துவரே தரவேண்டும். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே சமயத்தில் செய்யவேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதுவே மறுபடி முட்டைக் களஞ்சியம் ஆகிவிடும்.

இரண்டு: படுக்கை. நாயின் சாக்கு, துணி, விரிப்பு ஆகியவற்றை வாரம் ஒரு முறை 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவையுங்கள். தெள்ளின் புழு வறட்சியைத் தாங்காது. மழைக்காலத்து ஈரக் காற்றில் தெள்ளு பெருகுவதற்கும் இதுவே காரணம்.

மூன்று: தரை. மூலை, வெடிப்பு, கட்டிலின் அடி எல்லாம் நாள்தோறும் பெருக்கவேண்டும். பெருக்கிய குப்பையைச் சோப்பு நீரில் கொட்டுங்கள். தரை வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அக்கருவி உறிஞ்சிய முழுப்பூச்சிகளில் 96 சதவீதம் இறந்தன. புழுக்களும் கூட்டுப்புழுக்களும் அனைத்துமே இறந்தன. அதன் அதிர்வு கூட்டில் காத்திருப்பவற்றை வெளியே இழுத்தும் விடுகிறது.

நான்கு: பொறுமை. பூச்சிமருந்து கூட்டுக்குள் எளிதில் புகாது. ஆகவே மருந்திட்ட பிறகும் சில வாரங்கள் புதிய தெள்ளுகள் வந்துகொண்டே இருக்கும். "மருந்து பலிக்கவில்லை" என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அவை புதிதாகப் பிறந்த படை அல்ல. முன்பே கூட்டுக்குள் இருந்தவை. மருந்திட்ட நாயின் மேல் ஏறினால் அவையும் மடியும். மருத்துவர் சொன்ன கால அளவுப்படி 3 மாதமாவது விடாமல் தொடரவேண்டும்.

எச்சரிக்கை!

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், பினாயில் ஆகியவற்றை நாயின் மேல் ஒருபோதும் பூசாதீர்கள். நாய் உடலை நக்கும்; நஞ்சு வயிற்றுக்குள் போகும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு.

தெள்ளை அலட்சியம் செய்வதும் ஆபத்து. நிறையத் தெள்ளு பிடித்த குட்டி நாய் இரத்தசோகையால் இறந்துபோகலாம். நாடாப்புழு ஒன்றின் இளம்பருவம் தெள்ளின் உடலில் வளர்கிறது. நாய் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது தெள்ளை விழுங்கினால், நாடாப்புழு அதன் குடலில் குடியேறும். தப்பித் தவறித் தெள்ளை விழுங்கும் குழந்தைக்கும் அது வரக்கூடும்.

நீங்களே செய்து பாருங்கள்

நாயை ஈரமான வெள்ளைத் தாளின் மேல் நிறுத்திச் சீவுங்கள். விழும் கருப்புத் துகள்கள் சிறிது நேரத்தில் செம்பழுப்பாகக் கசிந்தால், அது மண் அல்ல; தெள்ளின் எச்சம், அதாவது நாயின் இரத்தம்.

இரவில் ஒரு தட்டில் சோப்பு கரைத்த நீர் ஊற்றித் தரையில் வையுங்கள். அதற்கு மேலே, நீரில் விழாதபடி ஒரு விளக்கைப் பெரியவர் ஒருவர் பொருத்தட்டும். வெளிச்சத்தை நாடித் தாவும் தெள்ளுகள் நீரில் விழும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் அவை மிதக்க முடியாமல் மூழ்கும். இது தெள்ளை ஒழிக்காது, எண்ணிக்கையைக் காட்டும். நாள்தோறும் காலையில் எண்ணி, வரைபடத் தாளில் குறித்து வாருங்கள். கோடு முதலில் ஏறியும் இறங்கியும் உங்களைச் சோதிக்கும். வேலையை நிறுத்தாதீர்கள். வாரங்கள் செல்லச் செல்ல அது கீழே இறங்கி, ஒரு நாள் பூச்சியத்தைத் தொடும். அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.